இன்சுலின் போடும் டிரக் ஓட்டுநருக்கு 3 மாதச் சான்று: விவரம் தேவை

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் டிரக் ஓட்டுபவர்கள் யாராவது சொல்லுங்களேன். 2018 நவம்பரிலிருந்து இன்சுலின் போடுபவர்கள் டிரக் ஓட்டத் தனி விலக்கு (சிறப்பு அனுமதி) வாங்கத் தேவையில்லை. சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் எம்.சி.எஸ்.ஏ-5870 படிவத்தில் கையெழுத்திட்டு 45 நாளுக்குள் மருத்துவப் பரிசோதகர் ஓட்டுநருக்கான உடல்தகுதிச் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். அதுவரை சரி. இடிப்பது 3 மாத இரத்தச் சர்க்கரை ரீடிங்தான். நோட்டில் எழுதி வைத்தது உதவாது. தேதி, நேரத்தோடு மீட்டரிலேயே பதிவாகி, அதிலிருந்து இறக்கித் தரக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய மீட்டர் கெட்டுவிட்டதால் புதியதில் பாதிப் பதிவுகூட இல்லை. இப்படி இருந்தால் பரிசோதகர் மனது வைத்தால் அதிகபட்சம் 3 மாதத்துக்கு உடல்தகுதிச் சான்று தரலாம். முழுப் பதிவு இருந்தாலும் 12 மாதத்துக்கு மேல் கிடையாது.

அந்த 3 மாதச் சான்றைக் காட்டினால் கம்பெனிகள் லோடு தருகின்றனவா? சர்க்கரை அளக்க உடலில் ஒட்டும் சென்சார் கழன்று விழுந்து ரீடிங் பதிவாகாத நாட்களின் இடைவெளியைப் பரிசோதகர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? சர்க்கரையால் விழித்திரையில் கடும் பாதிப்பு இல்லை. கண் டாக்டரின் ரிப்போர்ட் கையில் இருக்கிறது.