வாழைக்கன்று நடும் முன் கிழங்கைச் சீவிப் பார்த்தீர்களா?

ஈரமண்:
மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். எல்லாமே ஈட்டிக் கன்று (ஈட்டிபோல் ஒடுங்கிய இலையுள்ள பக்கக் கன்று), பார்க்கத் திடமாகத்தான் இருந்தன. 30இல் 29 நட்டாயிற்று, கடைசிக் கன்றின் கிழங்கில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தள்ளினேன், சின்னதாக ஒரு ஓட்டை. கத்தியால் சீவினால் உள்ளே கறுத்த குடைவு, அதன் முனையில் செந்தலையோடு, கால் இல்லாத வெள்ளைப் புழு ஒன்று நெளிகிறது. கூன்வண்டுப் புழு! நட்டதையெல்லாம் தோண்டிச் சீவினேன். மொத்தம் 11 கிழங்கில் குடைவு. என் கையாலேயே அதை மண்ணுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

பச்சைமட்டை:
நான் சீவியும் வண்டு வந்தது. வேரை நறுக்கி, வெள்ளை தெரியும் வரை தோலெடுத்து, காலையில் நடலாம் என்று பழைய வாழைக்குப் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போனேன். விடிந்து பார்த்தால் குவியலுக்குள் கறுப்பு வண்டுகள், தொட்டதும் செத்ததுபோல் அசையாமல் கிடந்தன. வெட்டுவாய் வாசனைக்கு ராத்திரியில் வந்துவிடுகின்றன. சீவிய அன்றே நட்டுவிடுங்கள், சீவல்களையும் தோட்டத்தில் போடாதீர்கள்.

நிழல்வலை:
சீவுவதையே பெரிதாகப் பேசுகிறீர்கள், எனக்கு உடன்பாடில்லை. நான் நட்டதும் வெள்ளைக் கிழங்குதான். ஐந்தாம் மாதம் கீழ் இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டோடு தொங்கின. வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள். பூசணத்தால் வரும் வாடல் நோய். அந்தப் பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், சீவியோ மருந்தில் முக்கியோ எடுக்க முடியாது. நோய் கண்ட தோட்டத்துக் கன்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அங்கே பட்ட மண்வெட்டியைக் கழுவாமல் உங்கள் மண்ணில் இறக்காதீர்கள். ஈரமண், உங்கள் சிக்கலுக்கு வெந்நீர்தான் சரி. சீவிய கிழங்கை 52 முதல் 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவும் வண்டின் முட்டை, புழுக்களும் பெரும்பாலும் செத்துவிடும். கையை விட்டுச் சூடு பார்க்காமல் வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள், கூடிப்போனால் குருத்தே வெந்துவிடும். அப்புறம், ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று என்றால் எல்லாம் தீர்ந்தது என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கன்றோடு வண்டும் நூற்புழுவும் வராது, உண்மைதான். ஆனால் தாய்ச்செடியில் முடிக்கொத்து வைரஸ் (இலைகளைக் குறுக்கி உச்சியில் கொத்தாக்குவது) இருந்தால் அது கன்றிலும் வரும், வைரஸ் சோதனை செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஈரமண்:
அந்த 11ஐயும் துண்டு துண்டாக நறுக்கி எரித்துவிட்டேன். மீதி 19 நிழலில், ஈரச்சாக்குக்குள் கட்டி வைத்திருக்கிறேன். இன்று மாலை வெந்நீர் போடுகிறேன். குழிகள் திறந்தே கிடக்கின்றன.