சிகரெட்டை விட்டாச்சு, தூக்கமும் போச்சு: உங்களுக்கு எப்படி?

ஓசூர் சிப்காட், ஷிப்ட் வேலை

சிகரெட்டை விட உதவும் நிகோட்டின் பேட்ச், அதாவது தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை, ஒட்டிய முதல் வாரம் வந்த கனவுகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் சூப்பர்வைசர் கிருஷ்ணகிரி அணையின் மதகை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, ஷிப்ட் ரிப்போர்ட் எங்கே என்று என்னைக் கேட்கிறார், காலில் தண்ணீர் பட்ட சில்லிப்புகூட நிஜம் போலவே இருந்தது. விழித்துப் பார்த்தால் நடுராத்திரி, பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது, அப்புறம் எங்கே தூங்குவது. 21 மில்லிகிராம் பேட்ச், 24 மணி நேரமும் தோளிலேயே கிடக்கும். சிகரெட் பிடித்த காலத்தில் தூங்கும்போது உடம்பில் நிகோட்டின் குறைந்துகொண்டே போகும், பேட்ச் அப்படியில்லை, விடிய விடிய ஊட்டிக்கொண்டே இருக்கும், கனவு அதனால்தான் என்று டாக்டர் சொல்லி, படுக்கும்முன் கழற்றிவிடச் சொன்னார். நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து படுக்கும்முன் கழற்றுவேன், சாயங்காலம் எழுந்ததும் புதுசு ஒட்டுவேன். கனவு அடங்கிவிட்டது. ஆனால் எழுந்ததும் ஒரு வெறி வரும் பாருங்கள், புது பேட்ச் வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரைக்கும் 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம். அதைப் பபிள்கம் மாதிரி மென்றால் விக்கல்தான் வரும், சுரீரென்று தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிடுங்கள்.

பாலக்கோடு, தக்காளி லாரி ஓட்டுகிறேன்

எனக்குச் சிகரெட்டை விடக் கொடுத்தது மாத்திரை, புப்ரோபியான் 150 மில்லிகிராம். முதல் மூன்று நாள் தினம் ஒன்று, பிறகு தினம் இரண்டு. வலிப்பு வந்ததுண்டா என்று டாக்டர் முதலிலேயே கேட்டார், வந்தவர்களுக்கு இது ஆகாதாம். சீட்டில் 'காலை, இரவு' என்று இருந்தது, நானும் லோடு ஏற்றி, சாப்பிட்டு முடித்து, படுக்கப் போகும் நேரத்தில் இரண்டாவதைப் போட்டேன். பொட்டுத் தூக்கமில்லை. அந்தக் கண்ணோடு தொப்பூர் கணவாய் இறங்குவது எமனோடு விளையாடுவது, அன்றைக்கு வண்டியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த முறை போனபோது டாக்டரிடம் சொன்னேன். எட்டு மணி நேர இடைவெளி போதும், காலை ஏழுக்கு ஒன்று, மூன்று மூன்றரைக்கு இன்னொன்று என்று மாற்றிக் கொடுத்தார். தூக்கம் சரியானது. சீட்டு எழுதும்போதே இதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

காவேரிப்பட்டணம்

அண்ணா, எங்கள் அப்பா பேட்ச், மாத்திரை எதுவுமே எடுக்கவில்லை, பீடியை மட்டும் விட்டார். அவருக்கும் சில வாரம் தூக்கமில்லை, எல்லாவற்றுக்கும் மருந்தையே குறை சொல்ல முடியாது. கூடவே டீயைப் பாருங்கள். புகை பிடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் டீயில் இருக்கும் காஃபினைச் சீக்கிரம் கரைத்துவிடும், விட்டதும் அந்த வேகம் குறைகிறது, அதே ஐந்து டீ ரத்தத்தில் ரொம்ப நேரம் நிற்கும். அப்பாவுக்கு மதியத்துக்கு மேல் டீயை நிறுத்தி ராகிக் கூழும் மோரும் கொடுத்தோம், முனகிக்கொண்டே குடித்தார், தூங்கினார்.

என் மாமா எடுத்தது வரெனிக்ளின், அதுவும் புகையை விடக் கொடுக்கும் மாத்திரைதான். அதிலும் விசித்திரக் கனவுதான். ராத்திரி மாத்திரையைப் படுக்கும் நேரத்தில் போடாமல், ஏழு மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு போட ஆரம்பித்த பிறகு குமட்டலும் குறைந்தது. ஆனால் மனசு ரொம்பக் குழம்பினால், தற்கொலை எண்ணம் வந்தால், தூக்கப் பிரச்சினைதானே என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். புகையை விட நேரில் போய் உதவி கேட்கத் தயங்குகிறவர்களுக்கு, புகையிலையை விட உதவும் தேசிய ஃபோன் எண் 1800-11-2356, காசு ஆகாது.