டிபேஸ்மென்ட் = மாற்றுக்குறைப்பு (ரோமானிய நாணயம்)

> ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய கட்டுரையில் டிபேஸ்மென்டுக்கு (காசில் வெள்ளியைக் குறைத்து மலிவான உலோகத்தைக் கூட்டுவது) "நாணயச் சீரழிவு" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வேண்டாம் ஐயா. சீரழிவு என்றால் ஏதோ தானாக நடந்தது மாதிரி இருக்கிறது, இதுவோ காசு அடிக்கும் அக்கசாலையில் உத்தரவு போட்டுச் செய்த வேலை. ஒரு ராத்தல் வெள்ளிக்கு 84 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) என்று இருந்ததைப் பேரரசன் நீரோ கி.பி. 64 வாக்கில் 96 ஆக்கினான், செம்பையும் கூட்டினான். செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் காசில் ஏறக்குறைய பாதிதான் வெள்ளி. அவன் மகன் காரகல்லா 215-இல் வெளியிட்ட புதுக்காசு இரண்டு தெனாரியஸ் என்று செல்லுபடியானது, உள்ளே இருந்ததோ ஒன்றரை தெனாரியஸ் அளவு வெள்ளி. 260களின் கடைசியில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தேறாது, மேலே முலாம் மட்டும்தான். படைக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், காரகல்லா அதையும் ஒன்றரை மடங்காக்கிவிட்டான், புது நாடு பிடித்துக் கொள்ளைப்பொருள் வருவதோ எப்போதோ நின்றுபோயிருந்தது, அப்புறம் என்ன செய்வார்கள்?

> "காசுக் கலப்படம்" எளிமையாக இருக்குமே?

எளிமைதான், ஆனால் கலப்படம் என்பது பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன் செய்வது. செம்பு வில்லைக்கு வெள்ளித் தகடு போர்த்திக் கள்ளக்காசு அடித்தவர்கள் ரோமிலேயே இருந்தார்கள், அந்தச் சொல்லை அவர்களுக்கு விட்டுவைப்போம். இன்னொருவர் சொன்ன "மதிப்பிறக்கம்" பொருளியலில் ஏற்கெனவே வேறொன்றுக்கு, அதாவது பிற நாட்டு நாணயங்களுக்கு எதிரே நாணயத்தின் மதிப்பைக் குறைப்பதற்கு, போய்விட்டது. பணவீக்கம் இதன் விளைவு. டயோக்ளிஷியன் 301-இல் பண்டங்களுக்கு உச்சவிலை அறிவித்தும் அடங்காத விளைவு.

என் பரிந்துரை "மாற்றுக்குறைப்பு". பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று, அதாவது உலோகத்தின் தூய்மை. புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை, பொற்கொல்லர் கையில் இருக்கும் சொல்தான். குறைவு என்று போடாமல் குறைப்பு என்று போட்டால் செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதும் தெரியும். நீரோ செய்ததில் பாதி எடைக்குறைப்பு, பாதி மாற்றுக்குறைப்பு. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிவது பெரிய வசதி.

> மாற்று பொன்னுக்குத்தானே? "நாணய மாற்று" என்றால் அந்நியச் செலாவணி வேறு நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் "நாணய மாற்றுக் குறைப்பு" என்று பிரித்து எழுதக் கூடாது என்கிறேன். "வெள்ளிக்காசின் மாற்றுக்குறைப்பு" என்று சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. முதலாவதை நான் பெரிதாக நினைக்கவில்லை, உலோகத்தின் தூய்மை என்ற கருத்துதான் முக்கியம், வெள்ளிக்கு நீட்டிக்கொள்ளலாம்.

சீரழிவை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. காசு கெட்டது, பேரரசு விழுந்தது என்று ஒரு கோட்பாட்டையே அந்தச் சொல் வாசகர் தலையில் ஏற்றிவிடும். வெள்ளிக்காசு அடிமட்டத்துக்குப் போனது மூன்றாம் நூற்றாண்டில், அப்போது பேரரசு பிழைத்துக்கொண்டது. கான்ஸ்டன்டைன் ராத்தலுக்கு 72 வீதம் அடித்த சொலிடஸ் பொற்காசு மாற்றுக் குறையாமல் பதினோராம் நூற்றாண்டு வரைக்கும் கிழக்கே ஓடியது. மேற்குப் பேரரசு 476-இல் முடிந்தபோது புழங்கியதும் அதே நல்ல பொற்காசுதான்! அங்கே காசின் தரம் கெடவில்லை, காசு வரும் வழி அடைபட்டது: 406-இல் ரைன் ஆற்றைக் கடந்து வந்த கூட்டங்கள் கௌலையும் (இன்றைய பிரான்ஸ் பகுதி) ஸ்பெயினையும் சிதைத்தன, 439-இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைப் பிடித்ததும் ஆப்பிரிக்காவின் வரியும் தானியமும் போயின, அதை மீட்க 468-இல் கிளம்பிய பெரும் கடற்படையும் அழிந்தது. வரி இல்லை என்றால் படை இல்லை. கட்டுரையில் இந்த வரிசையையும் கொஞ்சம் பிரித்துக் காட்டினால் நல்லது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் சேர்க்கலாம். கோவை வட்டாரத்துப் புதையல்களில் கிடைத்த தெனாரியஸ் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை, நீரோ குறைத்ததற்குப் பிந்தைய வெள்ளிக்காசு அரிது. இங்கே காசை எண்ணி வாங்காமல் வெள்ளியாகப் பார்த்தே வாங்கினார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். சொல்லை விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

வேறு ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் மாற்றுக்குறைப்பு, எடைக்குறைப்பு இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.