குளிர்ப் பிரதேச வீட்டு முற்றம்: வேகமாக வளரும் மரமா, நெடுநாள் நிற்கும் மரமா?

வெறுந்தரை:
புது வீட்டைச் சுற்றி ஒரு மரம்கூட இல்லை. குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். அமெரிக்க வேளாண் துறையின் குளிர் வரைபடப்படி மண்டலம் 4. வடமேற்குக் காற்று வீட்டை அறைகிறது; கோடையில் மேற்கு வெயில் நேராக உள்ளே அடிக்கிறது. கலப்பினப் பாப்லர், வெள்ளி மேப்பிள், ஊசியிலை மரமான நீல ஸ்ப்ரூஸ் மூன்றில் எதை வைக்கலாம்? மூன்றும் மண்டலம் 4 குளிரைத் தாங்கும் என்று நர்சரி அட்டையில் இருக்கிறது.

தளிர்:
யோசிக்கவே வேண்டாம், மேற்கில் பாப்லர். நல்ல ஈரம் கிடைத்தால் ஆண்டுக்கு ஐந்து அடிக்கு மேலும் வளரும். ஓக் வையுங்கள் என்று இப்போது சிலர் வருவார்கள். அது நிழல் தருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டே போயிருப்பார்கள். வெயில் இன்றைக்கு அடிக்கிறது, நிழலும் சீக்கிரம் வேண்டும்.

வைரக்கட்டை:
வந்துவிட்டேன், ஓக் என்றுதான் சொல்லப்போகிறேன். பாப்லரும் வெள்ளி மேப்பிளும் வேகமாக வளர்வதற்குக் கொடுக்கும் விலை மென்மையான கட்டை. உறைமழை பெய்து கிளைகளில் பனிக்கட்டி ஏறும் இரவில் முதலில் முறிவது இவைதான். அதுவும் கூரைக்கு மேலே நீண்ட கிளையாக இருந்தால்? பாப்லருக்குத் தண்டில் புற்றுப்புண் நோய் வேறு வரும். வெட்டினாலும் வேரிலிருந்து கன்றுகள் கிளம்பிக்கொண்டே இருக்கும்.

பர் ஓக் மைனஸ் 40 வரை தாங்கும். முதல் சில ஆண்டுகள் ஆணிவேரை இறக்குவதால் மேலே ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். அப்புறம் நல்ல மண்ணில் ஆண்டுக்கு ஓர் அடி வளரும். அதன் வயதை நூற்றாண்டுகளில்தான் எண்ண வேண்டும்.

தளிர்:
வைரக்கட்டை அண்ணா, பனிக்கட்டி ஏறினால் எந்த மரமும் முறியும். இளமையிலேயே ஒற்றைத் தண்டாகக் கவாத்து செய்து, குறுகலான கவைகளை எடுத்துவிட்டால் மேப்பிள் எவ்வளவோ தாங்கும். பாப்லர் வேர் குழாயை உடைக்கும் என்று அடுத்து சொல்வீர்கள். நல்ல குழாயை வேர் உடைப்பதில்லை. ஏற்கெனவே கசியும் இணைப்பில்தான் நுழைகிறது.

வைரக்கட்டை:
குழாய் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆண்டுதோறும் கவாத்து செய்வோம் என்று சொல்பவர்களில் எத்தனை பேர் செய்கிறார்கள்? மரம் கைக்கெட்டாத உயரம் போனபின் ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஊசியிலை:
இருவரும் மேற்கு வெயிலிலேயே நிற்கிறீர்கள். இந்த வீட்டுக்குப் பெரிய தொல்லை வடமேற்குக் காற்று. அங்கே பசுமைமாறா மரங்களை வரிசையாக வையுங்கள். தெற்கில் மட்டும் வேண்டாம், குளிர்கால வெயிலை மறைத்துவிடும்.

நீல ஸ்ப்ரூஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. வறண்ட மலைக்காற்றில் பிறந்த மரம் அது. ஈரப்பதம் மிகுந்த இடத்தில் பூஞ்சை நோய் வந்து கீழ்க்கிளைகளின் ஊசிகள் உதிரும். காற்றைத் தடுக்க வேண்டியதே கீழ்க்கிளைகள்தானே! வெள்ளை ஸ்ப்ரூஸ் ஓரளவு மேல். இரண்டுமே அடியில் இருபது அடி அகலம் வரை விரியக்கூடியவை. நடும்போது சின்னதாக இருக்கிறதே என்று சுவரோரம் வைத்துவிடாதீர்கள்.

வெறுந்தரை:
அப்படியானால் அட்டையில் உள்ள மண்டல எண்ணை நம்பக் கூடாதா?

வைரக்கட்டை:
நம்பலாம், ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில்: ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவை மரம் தாங்குமா? மண்டலம் 4 என்றால் ஆண்டுக் கடுங்குளிரின் சராசரி மைனஸ் 34 முதல் மைனஸ் 29 வரை. மரத்தைக் கொல்வது பல நேரம் வேறொன்று.

குளிர்கால இறுதியில் பகல் வெயில் தண்டின் தென்மேற்குப் பக்கத்தைச் சூடாக்கும். இரவில் சட்டென்று உறையும். மெல்லிய பட்டை வெடிக்கும். இளம் மேப்பிளுக்கு இலையுதிர் காலத்தில் வெள்ளைச் சுற்று கட்டி, வசந்தத்தில் அவிழ்க்க வேண்டும். பசுமைமாறா மரங்களுக்கு வேறு சிக்கல்: வெயிலும் காற்றும் ஊசியின் ஈரத்தை இழுக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் நீர் எடுக்க முடியாது. அதனால் மண் உறையும்வரை ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும்.

விதை எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். சிவப்பு மேப்பிள் ஃபுளோரிடாவிலும் வளர்கிறது, கனடாவிலும் வளர்கிறது. தெற்கத்தி விதையில் வந்த கன்று எப்போது உறக்கத்துக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் வடக்கில் கருகும்.

ஊசியிலை:
எதை வைத்தாலும் ஒரே இனமாக வைக்காதீர்கள். அமெரிக்காவில் தெருத்தெருவாக எல்ம் மரங்கள் இருந்தன, நோய் வந்து அழிந்தன. அந்த இடத்தில் பலரும் ஆஷ் மரம் வைத்தார்கள். 2002-ல் மிச்சிகனில் மரகத ஆஷ் துளைப்பான் என்ற வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்தன. குளிரைத் தாங்காமல் சாகவில்லை அவை.

தளிர்:
இதை முழுமனதாக ஏற்கிறேன். அதனால்தான் கேட்கிறேன், பாப்லரையும் ஓக்கையும் சேர்த்து வைத்தால் என்ன? ஓக் பெரிதாகும்வரை பாப்லர் நிழல் தரட்டும், பிறகு எடுத்துவிடலாம்.

வைரக்கட்டை:
எடுத்துவிடலாம் என்பது எழுத எளிது. இரண்டு வேர்களும் பின்னிய பிறகு பெரிய மரத்தை வெட்டிச் சாய்க்கும்போது பக்கத்து ஓக் தப்புமா? அதைவிட மேற்கில் சர்வீஸ்பெர்ரியோ கிராப் ஆப்பிளோ வையுங்கள். சின்ன மரங்கள், ஆனால் சன்னலை மறைக்க அந்த உயரம் போதும். பூவும் கிடைக்கும், பறவைகளுக்குப் பழமும் கிடைக்கும்.

வெறுந்தரை:
சரி, வடமேற்கில் வெள்ளை ஸ்ப்ரூஸும் லார்ச் என்ற இன்னொரு ஊசியிலை மரமும் கலந்து, மேற்கில் கிராப் ஆப்பிள், தெற்கே தள்ளி ஒரு பர் ஓக். ஒரு பாப்லர் வைக்கும் ஆசையும் விடவில்லை. ஓக்கை உடனே பெரிதாகத் தெரியும்படி வளர்ந்த மரமாகவே வாங்கலாமா?

ஊசியிலை:
வேண்டாம். தண்டின் ஓர் அங்குலத் தடிமனுக்கு வேர் பிடிக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும் என்பது தோட்டக்காரர்களின் கணக்கு. குளிர்ப் பகுதியில் இன்னும் கூடும். பெரிய மரம் வேர் பிடிக்கத் திணறும் காலத்தில் சின்னக் கன்று எட்டிப் பிடித்துவிடும். லார்ச் இலையுதிர் காலத்தில் ஊசியைக் கொட்டிவிடும், அதனால் காற்று வரிசையில் ஸ்ப்ரூஸ்தான் அதிகம் இருக்க வேண்டும்.

தளிர்:
பாப்லரை வையுங்கள், தூர மூலையில்.

வைரக்கட்டை:
வைத்தால் அதன் முழு உயரத்தைவிட அதிகத் தூரத்தில், உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும்.