வளவு வீட்டுப் படங்கள்

தம்பி, காலை 6.40
எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி. அந்தக் கீல் உடைந்த பழைய லேப்டாப் நேற்று ராத்திரியிலிருந்து நம் வீட்டுப் படப்பெட்டி. உபுண்டு சர்வர் என்ற இயங்குதளம் போட்டு, டாக்கர் வழியாக இம்மிச் என்ற, படங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளை ஏற்றியிருக்கிறேன். போன முறை முன்னோருக்குப் போட்ட படைப்பு, சித்தப்பாவின் சாந்திக் கல்யாணம், ஐயா (தாத்தா) பர்மாவில் இருந்தபோது எடுத்து நான் ஸ்கேன் செய்த பழைய படங்கள், எல்லாம் ஏறிக்கொண்டிருக்கின்றன.

தேவகோட்டை ஆச்சி
எல்லாரும் கூகுளில்தானே போட்டு வைத்திருக்கிறோம் தம்பி. இது வேறு எதற்கு?

தம்பி
அங்கே இலவசம் 15 ஜிபிதான் ஆச்சி, மெயிலும் அதற்குள்ளேயே. 2021 ஜூனிலிருந்து சுருக்கி ஏற்றும் படமும் அந்தக் கணக்கில்தான் சேருகிறது. போன் நிறைந்துவிட்டது என்று படைப்பு வீடியோவை அழித்தீர்களே, அதன் முழு அளவு இப்போது யாரிடமும் இல்லை. இந்தக் குழுவில் கிடப்பது வாட்ஸ்அப் சுருக்கிய பிரதி. அதில் அப்பத்தாவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கழுத்துருத் தாலி ஒரு மஞ்சள் பட்டையாகத் தெரிகிறது, ஒரு உருப்படியும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இனிமேல் படம் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், எடுத்த தேதியும் கூடவே வரும்.

சிங்கப்பூர் அண்ணன்
நாள் முழுக்க ஓடினால் கரண்ட் பில்?

தம்பி
சும்மா இருக்கும்போது 15 வாட் இழுக்கிறது அண்ணே, மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் வரும். முகங்களைப் பிரிக்கும்போது மட்டும் விசிறி பலமாகச் சுற்றுகிறது, இருப்பதெல்லாம் ஏறி முடிந்தால் அடங்கிவிடும். மூடியை மூடினால் தூங்கிப்போனது, லாகின்ட் என்ற அமைப்புக் கோப்பில் ஹேண்டில் லிட் சுவிட்ச் வரியை இக்னோர் என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. எப்போதும் முழு சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பலாம், அதனால் 60 சதவீதத்தோடு நிறுத்தியிருக்கிறேன். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிறது.

முதலில் இரண்டாங்கட்டு அறையில் வைத்தேன். நம் வீட்டுச் சுவர் தடிமனுக்கு வைஃபை பட்டாலைக் கூடத்தைத் தாண்டவில்லை. இப்போது முகப்பில், கணக்குப்பிள்ளை மேசை மேல், ரூட்டருக்குப் பக்கத்திலேயே கேபிள் போட்டு வைத்தாயிற்று.

சென்னை சித்தப்பா
வெளியூரிலிருந்து பார்க்கலாமா? கண்டவனும் உள்ளே வந்துவிடக் கூடாது.

தம்பி
ரூட்டரில் வாசல் எதுவும் திறக்கவில்லை சித்தப்பா. டெயில்ஸ்கேல் என்று ஓர் ஆப், நான் சேர்க்கும் போன்கள் மட்டும்தான் அதன் வழியாக வர முடியும். பொங்கலுக்கு வரும்போது உங்கள் போனிலும் போட்டுத் தருகிறேன்.

சிங்கப்பூர் அண்ணன்
லேப்டாப்பே படுத்துவிட்டால்?

தம்பி
அதுதான் எனக்கும் பெரிய கவலை. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வாரம் ஒரு பிரதி எடுக்கிறேன். இன்னொரு டிஸ்க் உங்களிடம் இருக்கட்டும் அண்ணே. படக் கோப்பை மட்டும் எடுத்தால் போதாது, யார் யார் என்று நாம் போடும் பெயரெல்லாம் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. அதன் நகலைத் தினமும் இரவு 2 மணிக்கு இம்மிச்சே எடுத்து வைக்கிறது, அதையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும்.

அப்புறம், இந்தப் பெயர் விஷயத்துக்குத்தான் காலையிலேயே எழுதுகிறேன். ஒரே முகம் உள்ள படங்களை அது தானாகச் சேர்த்துவிடுகிறது, பெயரை நாம்தான் சொல்ல வேண்டும். ரங்கூன் படத்தின் பின்னால் பென்சிலில் 1940 என்று இருக்கிறது. ஸ்கேன் செய்த தேதியில் போய் உட்கார்ந்திருந்தது, மாற்றிவிட்டேன். பெட்டியடிப் பையனாக, கடையில் வேலை பழகப் போன ஐயாவின் முகத்தையும் சாந்திப் படத்து முகத்தையும் அது வேறு வேறு ஆளாக எடுத்துக்கொண்டது, நான் சேர்த்து வைத்தேன். பக்கத்தில் தலைப்பாகையோடு நிற்பவர் யார்? நம்மில் யாருக்குமே தெரியவில்லையே. ஆச்சி, அப்பத்தா எழுந்துவிட்டார்களா?

தேவகோட்டை ஆச்சி, காலை 7.25
காட்டினேன். போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்கள். ஐயாவின் அம்மானாம், தாய்மாமா. 1942இல் சண்டைக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர், என் கல்யாணத்துக்கு வந்தபோது காலில் அந்த நடையின் தழும்பைப் பார்த்தேன் என்றார்கள்.

சென்னை சித்தப்பா
இது எனக்கே தெரியாது.

தம்பி
போட்டுவிட்டேன். அந்தப் படத்தில் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள் ஆச்சி. ஒவ்வொருவராகக் கேட்டு வாய்ஸ் மெசேஜாகவே அனுப்புங்கள், அப்பத்தா குரலும் இருக்கட்டும்.

தேவகோட்டை ஆச்சி
பலகாரம் சாப்பிடட்டும். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, வெளிச்சத்தில் உட்காரவைத்துக் கேட்கிறேன்.