எட்டடி தள்ளியிருந்த விளக்கிலிருந்து தின்னருக்கு எப்படித் தீ வந்தது?

கொக்குவில் அச்சகத்தான்:

வணக்கம். கொக்குவிலில் எங்கள் வீட்டின் பின்னறையில் நான்கு ஆண்டுகளாகத் திரை அச்சு வேலை செய்து வருகிறேன். கடைகளுக்கான பொலித்தீன் பைகளும் ரீசேட்டுகளுமே பெரும்பாலான வேலை. கடந்த வெள்ளிக்கிழமை மாலை, மை படிந்த திரைச்சட்டம் ஒன்றைக் கழுவுவதற்காக அகன்ற பேசினில் மையைக் கரைக்கும் தின்னரை ஊற்றி, நிலத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அறையின் மறுமூலையில், சாமிப்படத்துக்கு முன்னால் நிலத்தில், அம்மா ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையில் எட்டடியாவது இருக்கும். சட்டென்று விளக்கடியிலிருந்து ஒரு சுவாலை தரையோடு தரையாக ஓடிவந்து பேசினைப் பற்றிக்கொண்டது. பதற்றத்தில் தம்பி ஒரு வாளி தண்ணீரை ஊற்ற, எரிகிற தின்னர் தண்ணீரின் மேல் மிதந்து மேசைக்கால் வரை பரவியது. ஈரச்சாக்கால் மூடித்தான் அணைத்தோம். அவனுடைய புறங்கையில் சுட்ட காயம் ஒன்று இருக்கிறது.

சோளகக் காற்றோடு வரும் புழுதி ஈர மையில் ஒட்டாதிருக்க யன்னல்களைச் சாத்தியே வேலை செய்கிறோம். இவ்வளவு தூரத்தில் இருந்த விளக்கு எப்படிக் காரணமாகும்? அறையை எப்படி மாற்றியமைக்கலாம்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பழைய அச்சுக்காரன்:

தம்பி, முதலில் அந்தப் பிள்ளையின் கையை வைத்தியரிடம் காட்டுங்கள்.

எரிவது தின்னர் அல்ல, அதிலிருந்து எழும் ஆவிதான். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாமல் நிலத்தில் படிந்து, தண்ணீர் வழிவதுபோலத் தாழ்ந்த பக்கமாக நகரும். யன்னல் சாத்திய அறையில் அது கலைந்துபோக வழியில்லை. நீங்கள் துடைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது உங்கள் காலடியால் விளக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நின்றுகொண்டிருப்பவரின் மூக்குக்கு மணம் குறைவாகத் தெரியும்போதும் கணுக்காலடியில் ஆவி அடர்த்தியாக இருக்கலாம் என்பதை நான் பிந்தித்தான் உணர்ந்தேன்.

தொண்ணூறுகளில், பெற்றோல் கிடைக்காத காலத்தில், இங்கே மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டியது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெயில் அது ஓடும், ஆனால் குளிர்ந்த எஞ்சின் அதில் இலகுவில் தொடங்காது. அதற்கென்று சில துளி பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து எஞ்சினுக்குள் விடுவார்கள். எது இலகுவில் ஆவியாகிறதோ அதுவே முதலில் பற்றும். ஆகவே சட்டம் கழுவ பெற்றோலைத் தொடவே வேண்டாம். சிலர் இன்றும் அதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை.

கழுவுவதை வளவுக்குள், கூரை மட்டும் போட்ட இடத்துக்கு மாற்றுங்கள். கிடுகு வேலியிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். உள்ளே சுவரின் அடிப்பகுதியில் ஒரு துவாரம் விட்டு, காற்றை வெளியே இழுக்கும் மின்விசிறி பூட்டலாம்.

இரசாயனம் கற்பிப்பவள்:

ஐயா சொன்ன விளக்கம் முற்றிலும் சரி. மின்விசிறி பற்றி மட்டும் ஒரு திருத்தம். ஆவியை இழுக்கும் விசிறியின் மோட்டார் அந்த ஆவிக்கு நடுவிலேயே சுழல்கிறது. சாதாரண மோட்டாரில் எழும் சிறு பொறி போதும். அதற்கென்று தயாரிக்கப்பட்ட விசிறி வாங்க முடியாவிட்டால், வாசற்பக்கம் சுத்தமான காற்றில் விசிறியை வைத்து உள்நோக்கி வீசச் செய்து, எதிர்ச்சுவரின் அடியிலுள்ள துவாரத்தால் ஆவி வெளியேற விடுவது நல்லது. புழுதிக்கு அந்த வாசலில் மெல்லிய துணித்திரை கட்டலாம். ஆவி மணம் கடுமையாக இருக்கும்போது எந்த மின்னாளியையும் போடவோ நிறுத்தவோ கூடாது, ஏனெனில் ஆளியின் உள்ளேயும் பொறி தோன்றும். முதலில் கதவுகளைத் திறவுங்கள்.

தின்னர் என்ற பெயரில் விற்பது ஒரே பொருளல்ல. அசற்றோன் −20 பாகை செல்சியசிலேயே பற்றத்தக்க அளவு ஆவியை விடும். தொலுயீன் ஏறத்தாழ 4 பாகையில். பொலித்தீன் மையோடு பயன்படும் சைக்கிளோஹெக்சனோன் ஏறத்தாழ 44 பாகையில். எங்கள் ஊரின் 32 பாகை வெயிலில் முதல் இரண்டும் எந்நேரமும் ஆபத்தானவை; மூன்றாவது ஓரளவு பொறுமையானது, ஆனால் தகரக் கூரையின் கீழ் சூடேறினாலோ துணியில் ஊறினாலோ அதையும் நம்ப முடியாது. வாங்கும்போது உள்ளடக்கம் எழுதிய ரின்னையே கேளுங்கள்.

துடைத்த சீலைத்துண்டுகளையும் கவனியுங்கள். எண்ணெய் சேர்ந்த எனாமல் மை பட்ட துணிகளைக் குவித்து வைத்தால், அவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து தாமாகவே சூடேறி, ஆளில்லாத இரவில் பற்றக்கூடும். மூடியுள்ள உலோக வாளியில் தண்ணீருக்குள் போட்டு, அன்றன்றே வெளியே அகற்றுங்கள்.

திருநெல்வேலி வாசகர்:

தீயணைக்கும் கருவி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உலர் தூள் அல்லது காபனீரொட்சைட்டு வகையே உங்களுக்குப் பொருந்தும். காபனீரொட்சைட்டு காற்று வீசும் இடத்தில் கலைந்துவிடும் என்பதால், கழுவும் இடத்துக்குத் தூளை வைத்திருங்கள். அதை அறைக்குள் அல்ல, வெளியேறும் வாசலருகில் மாட்டுங்கள். எடுக்கப் போனவர் தீக்கு அப்பால் அகப்படக் கூடாது. பேசின் மட்டும் எரிந்தால், அதை மூடத்தக்க ஒரு தகரமூடி எல்லாவற்றையும்விட விரைவானது. தீ பேசினைத் தாண்டினால் அணைக்க நிற்காமல் வெளியேறி 110க்கு அழையுங்கள். காயத்துக்கு 1990 நோயாளர் காவு வண்டி வரும். அதுவரை சுட்ட இடத்தில் 20 நிமிடம் ஓடும் தண்ணீர் படட்டும்.

கொக்குவில் அச்சகத்தான்:

எல்லோருக்கும் நன்றி. தம்பியின் கைக்கு மருந்து கட்டியாயிற்று. கழுவும் பேசினை மாமரத்தடிக்கு மாற்றி, அதற்கு அளவான தகரமூடி ஒன்றும் வெட்டுவித்தேன். விளக்கை நிறுத்தும்படி அம்மாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தரையில் ஆவி எப்படி ஓடுகிறது என்று பழைய அச்சுக்காரன் ஐயா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாட்காலை சாமிப்படத்தைக் கழற்றி, முன்விறாந்தைச் சுவரில் தானே ஆணி அடித்து மாட்டியிருந்தார்.