கோல்ஃப்: ஏழாம் அயன் நேராகப் போகுது, ட்ரைவர் மட்டும் வலப்பக்கம் வளையுது: ஏன்?

வெள்ளவத்தைக்காரன்:
வணக்கம். பள்ளிக்கூடத்தில ஆறு வருசம் கிரிக்கெட், மூன்றாம் இலக்கத்தில இறங்கினவன். இப்ப வயது 43, நாள் முழுக்கக் கதிரையில இருக்கிற வேலை. போன வருசம் எங்கட மேலதிகாரி என்னை றோயல் கொழும்பு கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1879இல காலிமுகத்திடலில தொடங்கி, பிறகு பொரளைப் பக்கம் போன கழகம். மைதானத்துக்குள்ளாலேயே களனிவெளி ரயில் பாதை ஓடுது. அண்டைக்குப் பிடிச்ச பைத்தியம் இன்னும் விடேல்லை.

ஏழாம் அயன் (இடைத்தூரத்துக்கு அடிக்கிற இரும்புக் கோல்) நேராகப் போகுது. ட்ரைவரை (ஆகத் தூரம் அடிக்கிற நீளக் கோல்) எடுத்தால் பந்து நடுவில புறப்பட்டு, அரிவாள் மாதிரி வலப்பக்கம் வளையுது. பலமா அடிச்சால் இன்னும் வளையும். போன சனி ரெண்டு பந்து தண்டவாளத்தடியில. பழக்கினவர் ஒருத்தர் "தலையைத் தூக்காதே, இடக்கையை நீட்டு" எண்டதோட சரி. எனக்குக் காரணம் தெரியாமல் திருத்த வராது.

ராஜகிரிய ராசா:
சிதறுதேங்காய் அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்கள் போல. மெதுவா அடிச்சுப் பாருங்கோ மச்சான்.

பௌதிக மாஸ்ரர்:
மெதுவா அடிச்சால் வளைவு குறைவாத் தெரியும், நோய் அப்பிடியே கிடக்கும். தம்பி, நான் உயர்தரத்துக்கு இருபது வருசமாப் பௌதிகவியல் படிப்பிக்கிறன், கோல்ஃப் பத்து வருசம்.

முதல்ல வளைவு. ட்ரைவர் பந்தோட ஒட்டியிருக்கிற நேரம் ஏறக்குறைய அரை மில்லிசெக்கன். அதுக்குள்ள கையால ஒண்டும் திருத்தேலாது. பந்து புறப்படுற திசையைப் பெரும்பாலும் கோல்தலையின்ர முகம், அதாவது பந்தில படுற பக்கம், முடிவு பண்ணும். முகம் பாக்கிற பக்கத்துக்கும் கோல்தலை போற பாதைக்கும் இடையில கோணம் இருந்தால், பந்தின்ர சுழற்சி அச்சு சரியும், பந்து வளையும். உங்கட கோல் முகம் ஏறக்குறைய இலக்கைப் பாக்குது, பாதைதான் வெளியிலயிருந்து உள்ளுக்கு, அதாவது உங்கட உடம்புப் பக்கம், இழுபடுது. ஏழாம் அயனிலயும் அதே பிழை இருக்கு. ஆனால் அதின்ர முகம் 30 பாகைக்கு மேல சாய்ஞ்சது, பின்சுழற்சி (பந்து பின்பக்கமாச் சுழலுறது) கூட, அதால அச்சு கொஞ்சம்தான் சரியும். ட்ரைவருக்குப் பத்துப் பாகைதான், ஒளிச்சுவைக்க இடமில்லை.

இனி, கிரிக்கெட் ஆடினவைக்கு மட்டும் வாற வருத்தம். உங்களுக்குச் சின்னனில என்ன சொல்லித் தந்தவை? "இடது முழங்கை மேல, துடுப்பின்ர முகத்தைப் பந்து போற பக்கம் காட்டு." கவர் ட்ரைவுக்கு அது அழகு. துடுப்பின்ர திணிவு மையம் கைபிடி நேர்கோட்டிலதான் கிட்டத்தட்ட இருக்கும், அதால முகம் தானா நேர நிக்கும். கோல்ஃப் ட்ரைவர் அப்பிடியில்லை. வீட்டில செய்து பாருங்கோ: கோலின்ர தண்டைக் கிடையா ரெண்டு விரலில தளர்வா வையுங்கோ. தலை தானாச் சுழண்டு கீழ தொங்கும். மையம் தண்டிலயிருந்து மூண்டு நாலு சென்ரிமீற்றர் தள்ளியிருக்கு எண்டதுதான் காரணம். அதால இறக்கி அடிக்கேக்க முகம் திறந்தபடி, அதாவது பாதைக்கு வலப்பக்கமாப் பாத்தபடி, பின்தங்கப் பாக்கும். முன்னங்கை ரெண்டும் உருண்டால்தான் மூடும். நீங்கள் முழங்கையை மேல வைச்சு உருளவே விடமாட்டியள்.

வேகமும் இதோட சேர்ந்ததுதான். வண்ணார் கல்லில துணி அடிக்கிறதைப் பாத்திருப்பியள். கை வேகமா வந்து, கடைசியில கொஞ்சம் தயங்கும். நுனி அப்பத்தான் பாயும். இடுப்பு, நெஞ்சு, கை, தண்டு எண்டு ஒண்டுக்குப் பின் ஒண்டு உச்சத்துக்கு வந்து, முன்னால போனது அமர்முடுகி (வேகம் குறைஞ்சு) அடுத்ததுக்குச் சக்தியைக் குடுக்கும். கோல்தலை 200 கிராம், மணிக்கு 150 கிலோமீற்றர் எண்டு வைச்சால், அதை வட்டத்தில பிடிச்சிருக்க 30 கிலோ நிறைக்குச் சமனான விசை வேணும், ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை விடக் கூட. உந்தத்தைத் தொடுகை நேரத்தால பிரிச்சுப் பாத்தால் பந்தில விழுற சராசரி விசை 6000 நியூட்டனளவு! தோளால முதல்ல தள்ளினால் இந்த வரிசை குழம்பும், பாதையும் வெளியால வரும். பலமா அடிக்கேக்க கூட வளையிறதும் அதாலதான்.

வேலை ஒண்டு தாறன். ட்ரைவரின்ர முகத்தை ஈரத்துணியால துடைச்சு, காயவைச்சு, பேபி பவுடர் பூசி ஐஞ்சு பந்து அடியுங்கோ. அடையாளம் குதிப்பக்கம், அதாவது தண்டுக்குக் கிட்ட விழுந்தால், அதுவே தனியா வலப்பக்கச் சுழற்சி தரும்.

பிசியோ அக்கா:
மாஸ்ரர் சொல்வது சரி. ஆனால் நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவரிடம் "இடுப்பு முதலில்" என்றால் எப்படி வரும்? கீழ்முதுகு திரும்புவது மிகக் குறைவு. திருப்பம் இடுப்பு மூட்டிலும் நெஞ்சு முள்ளந்தண்டிலும்தான் இருக்கிறது. அவை இறுகினால் தோள் முந்திக்கொள்ளும், முதுகு தண்டனை வாங்கும். கதிரையில் நேராக இருந்து, கைகளை மார்பில் கட்டி, இடுப்பை அசைக்காமல் இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். 45 பாகை வருகிறதா? வராவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். அடிக்கும்போது இடக்காலைத் தரையில் ஊன்றி நிமிர்த்துங்கள். திருப்புவதற்கான உதைப்பு தரையிலிருந்துதான் வருகிறது.

வெள்ளவத்தைக்காரன்:
நன்றி, எல்லாருக்கும். ஐஞ்சில மூண்டு அடையாளம் குதிப்பக்கம். இடப்பக்கம் 45, வலப்பக்கம் முப்பதைத் தாண்டேல்லை அக்கா. கோலைப் பின்னால தூக்கித் திரும்பிறதுக்கு அதுதானே தேவை! கண்ணாடிக்கு முன்னால மெதுவாச் சுழட்டிப் பாத்தன். அடிச்சு முடிச்சு இடுப்பளவில தண்டு கிடையா வரேக்க கோல் முகம் வானத்தைப் பாக்குது. முழங்கை பள்ளிக்கூடக் காலத்து மாதிரியே மேல நிக்குது மாஸ்ரர், நீங்கள் நேரில பாத்தமாதிரிச் சொல்லிப்போட்டியள்.

பௌதிக மாஸ்ரர்:
அந்த இடத்தில தண்டு கிடையா இருக்கேக்க, கோல்தலையின்ர நுனி வானத்தைப் பாக்கவேணும், முகமில்லை. பந்து வேண்டாம், ஒரு கிழமை அதை மட்டும் செய்யுங்கோ. இடது முழங்கை நிலத்தைப் பாத்து மடியட்டும்.

வெள்ளவத்தைக்காரன்:
சரி மாஸ்ரர். பவுடர் டப்பாவில பாதி முடிஞ்சுது, மனிசி ஏன் எண்டு கேக்கிறா.